நோலீன் அத்தையின் நூற்றுப் பதினேழாவது புகார்

மூருப்னாவில் எங்கள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் மதியம் இரண்டு மணிக்கு அடுப்புகள் எல்லாம் அணைந்துவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் நோலீன் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, மாவு மூட்டையின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கைப்பேசியை எடுப்பார். அடுத்த இருபது நிமிடம் யாரும் அவரிடம் பேசக் கூடாது. அது அவர் புகார் செய்யும் நேரம்.

அவர் எனக்கு உறவு இல்லை. அவருடைய யோர்ட்டா யோர்ட்டா பூர்வகுடி ஜனங்களில் வயதில் மூத்த பெண் யாராக இருந்தாலும் அத்தைதான். நான் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே எனக்கும் அத்தையாகிவிட்டார். ஐம்பத்தாறு வயது. பதினெட்டு வருடமாக அறுபத்திரண்டு கிழவர் கிழவிகளுக்குச் சமைத்துப் போடுகிறார். பூசணியை வேகவைத்துக் கொடுத்தால் ஏன் சுடவில்லை என்பார்கள், சுட்டுக் கொடுத்தால் பல்லில் ஒட்டுகிறது என்பார்கள். அதையெல்லாம் அத்தை பொருட்படுத்த மாட்டார். அவருடைய கோபம் முழுவதும் கைப்பேசிக்குள் இருந்தது.

பழைய பொம்மைகள், சாம்பல் கிண்ணங்கள், சுவரில் மாட்டும் சுதைத் தலைகள், தேநீர்த் தட்டுகள். அவர் புகார் செய்தது இவற்றின் மேல். அவருடைய ஜனங்களைக் கேலி செய்யும் கரிய முகம், தடித்த சிவப்பு உதடு, பிதுங்கிய கண். இல்லாவிட்டால் ஒற்றைக் காலில் ஈட்டியோடு நிற்கும் கோவணக் கிழவன். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தவை. இப்போது பெரியவர்கள் இறக்க இறக்க, பிள்ளைகள் அவற்றை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, 'அரிய பழம்பொருள்' என்று இணையச் சந்தையில் விற்பனைக்குப் போடுகிறார்கள். அத்தை ஒன்று விடாமல் தேடிப் புகார் செய்வார். சந்தையிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வரும்: உங்கள் புகாரைப் பரிசீலித்தோம், இந்தப் பொருள் எங்கள் சமூக விதிகளை மீறவில்லை.

"சமூகமாம் சமூகம். இவங்க சமூகத்துல நான் எப்ப சேந்தேன்?" என்று கைப்பேசியை மாவு மூட்டையின் மேல் எறிவார். அது மெத்தென்று விழும். அதற்காகத்தான் அந்த இடத்தில் உட்காருகிறார் என்று நினைக்கிறேன்.

எங்களோடு வேலை செய்யும் நர்ஸ் பெவ் ஒருமுறை சமாதானம் சொல்ல வந்தாள்.

"விடேன் நோலீன். எங்கிட்டயும்தான் சின்ன வயசுல ஒரு கறுப்புப் பொம்மை இருந்துச்சு. அதக் கட்டிப் புடிச்சாத்தான் தூக்கமே வரும். அது மேல எனக்கு உசுரு."

"உனக்கு உசுருதான் பெவ். பள்ளிக்கூடத்துல அந்தப் பொம்மை பேரச் சொல்லித்தான என்னைக் கூப்புட்டீங்க. அதுவும் உசுருலதானா?"

பெவ் முகம் சிவந்தாலும் விடவில்லை. "இதெல்லாம் தடை பண்ணிட்டா வரலாறே அழிஞ்சுரும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

"வரலாறு வேணும்னா எங்கம்மாகிட்ட வந்து உக்காரச் சொல்லு. டீ போட்டுத் தர்றேன். சாம்பல் கிண்ணத்துகிட்ட கேட்டா அது என்னத்தச் சொல்லும்?"

அத்தையின் அம்மா ஐவிக்கு எண்பத்து நான்கு வயது. மகளோடுதான் இருக்கிறார். இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் நடுவிலிருந்து மங்கிக்கொண்டு வருகிறது, குளிர்காலம் முடிவதற்குள் முகம் தெரியாமல் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஐவிக்கு ஆறு வயதானபோது, அவர்கள் குடியிருந்த பாதிரிமார் மிஷனுக்கு அரசாங்கக் கார் வந்து, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அந்தக் காலச் சட்டப்படி அவரை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு பன்னிரண்டு வருடம் விடுதி. அதற்கு முந்தைய வாழ்வுக்கு ஒரு துண்டுப் படம்கூட இல்லை. ஆனால் ஒரு கதை இருந்தது. காரில் போவதற்கு முந்தைய வருடம் மிஷனுக்கு ஒரு வெள்ளைக்காரர் கேமராவோடு வந்தாராம். ஐவியைக் கூப்பிட்டு, கையில் யாருடையதோ ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்து, ஆடாமல் நிற்கச் சொல்லி, ஒரு மிட்டாய் தந்தாராம். பத்தொன்பது வயதில் எச்சூகாவில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தட்டு ஒன்றில் தன் முகத்தைப் பார்த்தாராம். உள்ளே போனதும் கடைக்காரர் விரட்டிவிட்டாராம்.

பிள்ளைகள் சாப்பாட்டை மிச்சம் வைத்தால் ஐவி, "என் மூஞ்சி தட்டுல இருக்கு தெரியுமா? உங்க சோறு மட்டும் தட்டுல இருக்கக் கூடாது" என்பாராம். அத்தையும் அண்ணன் தம்பிகளும் அதை அம்மா அடித்துவிடும் கதைகளில் ஒன்று என்றுதான் வைத்திருந்தார்கள். அந்தத் தட்டை யாரும் பார்த்ததில்லை.

புகார்கள் பலிக்க ஆரம்பித்தது டாரில் வந்த பிறகு. டாரில் அத்தைக்குப் பெரியம்மா மகன், குழாய் வேலை செய்கிறவர். வெடிச் சிரிப்புக்காரர். ஒரு நாள் சமையலறைக் கழிவுக் குழாயில் அடைப்பு எடுக்க வந்தவர், அத்தை புகார் செய்வதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அக்கா, நீ 'வெறுப்பு'ன்னு இருக்கறத அமுக்குற. அத அமுக்கினா எவனும் பாக்க மாட்டான். கீழ வா. 'விலங்கு விற்பனை'ன்னு இருக்கு பாரு. அத அமுக்கு."

"சாம்பல் கிண்ணம் எப்படிடா விலங்கு ஆகும்?"

"அது எனக்கெதுக்கு? போன வாரம் என் கூட்டாளி ஒருத்தன் தோல் சோபா விக்கப் போட்டான். எவனோ இத அமுக்கிவிட்டான். நாலு மணி நேரத்துல தூக்கிட்டாங்க. மாட்ட விக்கிறான்னு நெனச்சுட்டாங்க போல."

அத்தை அமுக்கினார். அன்று மாலையே அந்தச் சாம்பல் கிண்ணம் சந்தையிலிருந்து மறைந்தது. முதன்முறையாக 'நன்றி' என்று பதில் வந்தது. அத்தை அன்று கிழவர்களுக்குப் புட்டிங்கில் இரட்டைப் பங்கு கஸ்டர்ட் ஊற்றினார்.

அதிலிருந்து அது குடும்ப வேலையாகிவிட்டது. அவர்களுடையது சின்னக் குடும்பமில்லை. பெரியப்பா மகன், சித்தி மகள் எல்லாரும் கூடப்பிறந்தவர்கள் கணக்குத்தான், யாரும் தூரமில்லை. ஒருவருக்கு ஒன்று என்றால் ஆற்றின் இரு கரையிலிருந்தும் வந்து நிற்பார்கள். முப்பத்தொரு பேர் கைப்பேசியில் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். யாராவது ஒரு பொருளின் இணைப்பைப் போட்டால் அத்தனை பேரும் 'விலங்கு விற்பனை'யை அமுக்க வேண்டும். முதலில் அமுக்கு, பிறகு பேசு. இதுதான் அவர்கள் சட்டம். ஏனென்று கேட்டுக்கொண்டிருப்பது வெள்ளைக்காரர் வழக்கம் என்று டாரில் சொல்வார்.

நூற்றுப் பதினேழாவது இணைப்பு ஒரு திங்கட்கிழமை மதியம் வந்தது. நான் அப்போது பணி அட்டவணையில் கையெழுத்து வாங்கச் சமையலறைக்குப் போயிருந்தேன். அத்தை சூப் கரண்டியை வைத்துவிட்டு, வழக்கப்படி அமுக்கி, வழக்கப்படி திரையைப் படமெடுத்துக்கொண்டார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அப்படிச் சேர்த்து வைத்திருந்தார். என்றாவது ஒரு அமைச்சர் முன்னால் அத்தனையையும் கொட்டப் போவதாகச் சொல்வார்.

"இங்க பாரு புள்ள, இன்னைக்கு வந்தத" என்று எனக்குக் காட்டினார். "எழுத்தப் படி. எனக்குக் கண்ணாடி இல்ல."

சுவரில் மாட்டும் பீங்கான் தட்டு. நடுவில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. தோளில் ஒரு தோல் துண்டைச் சுற்றியிருந்தார்கள். அடியில் பொன்னிற எழுத்தில் 'காட்டுக் குட்டி' என்று பட்டம். நான் படித்துச் சொன்னேன். பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். குழந்தையின் கையில் ஒரு நாய்க்குட்டி. இடது புருவம் நடுவில் அறுந்து, அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

ஐவியின் இடது புருவத்தில் அந்தக் கோடு இப்போதும் இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது மண்ணெண்ணெய்த் தகரம் கிழித்தது. கைப்பேசியை அப்படியே அத்தையிடம் நீட்டினேன்.

அத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு டாரிலைக் கூப்பிட்டார்.

"டேய், இப்ப போட்டாங்களே ஒரு தட்டு, எத்தன பேர் அமுக்குனீங்க?"

"முப்பத்தொண்ணு பேரும் அமுக்கியாச்சு அக்கா! பத்தே நிமிஷம். இதுவரைக்கும் இவ்ளோ வேகமா பண்ணதே இல்ல!"

"நாசமாப் போச்சு. அது அம்மாடா."

"எந்த அம்மா?"

"என் அம்மா! உன் சித்தி! அந்தத் தட்டுடா, எச்சூகாத் தட்டு!"

அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, சந்தைக்குள் போய்ப் பார்ப்பதற்குள் தட்டு போய்விட்டது. நாய்க்குட்டி இருந்ததால் புகாரைப் பார்க்கும் இயந்திரத்துக்குச் சந்தேகமே வந்திருக்காது. விற்றவரின் கணக்கையும் முடக்கியிருந்தார்கள். 'விலங்கு விற்பனை விதியின் கீழ் நீக்கப்பட்டது. எங்கள் சமூகத்தைப் பாதுகாக்க உதவியதற்கு நன்றி.'

அத்தை மாவு மூட்டையில் உட்கார்ந்தார். "எங்கம்மாவ மிருகம்னு எழுதிக் குடுத்துருக்கேன் புள்ள," என்றார். "நானே. என் கையால."

விற்றவருடைய பெயர் ராஸ், இடம் நம்முர்கா, நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அத்தை படமெடுத்து வைத்திருந்த திரையில் இருந்தது. புதன்கிழமை அத்தைக்கு மதியத்துக்கு மேல் ஓய்வு. அவருடைய கார் பட்டறையில் கிடந்ததால் நான் ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் டாரிலைத் திட்டிக்கொண்டே வந்தார். பிறகு சந்தையைத் திட்டினார். பாதி வழி தாண்டியதும் தன்னைத் திட்டிக்கொண்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார். தட்டு கைக்கு வந்தால் சொல்லலாம், வராவிட்டால் பார்வை போய்க்கொண்டிருப்பவரிடம் எப்படிச் சொல்வது என்றார்.

நம்முர்காவில் பந்துருட்டும் கிளப்பில் விசாரித்தோம். கல்லாவில் இருந்த பெண், "எந்த ராஸ்? மிருகம் விக்கிற ராஸா?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். உள்ளே பீர் குடித்துக்கொண்டிருந்த இருவர் குரங்கு போலக் கத்திக் காட்டினார்கள். இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாவது தெரு, பச்சைத் தகரக் கூரை என்று வழி சொன்னாள்.

ராஸுக்கு எழுபது வயதிருக்கும். பால் பண்ணையை விற்றுவிட்டு, இறந்துபோன தன் அத்தையின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். வாசலில் புல் வெட்டும் வண்டி ஒன்றும் ஓர் அலமாரியும் நின்றன. நாங்கள் இறங்கும்போதே கத்தினார்.

"தட்டு பாக்க வந்தீங்களா? சந்தையில என் பேரு கெட்டுப் போச்சு. இந்த வண்டிய விக்க முடியல, அலமாரிய விக்க முடியல. எவனோ வேலையத்தவன் நான் நாய்க்குட்டி விக்கிறேன்னு எழுதிப் போட்டிருக்கான்."

"நான்தான்" என்றார் அத்தை.

நான் காரிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"நீயா? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"அந்த மாதிரி சாமான் விக்கக் கூடாது. அதான் எழுதினேன்."

"விக்கக் கூடாதுன்னா பின்ன வாங்க எதுக்கு வந்த?"

"அதுல இருக்கறது எங்கம்மா."

ராஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் விக்கப் போட்டது நல்லதாப் போச்சுல்ல? போடலேன்னா உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"உங்கம்மா மூஞ்சிய நான் ஒரு தட்டுல போட்டு, கீழ மாடுன்னு எழுதி, சுவத்துல மாட்டி, அறுபது வருஷம் கழிச்சு உங்கிட்டயே வெல சொன்னா நல்லதுன்னு சொல்லுவியா?"

"மாட்ட வேண்டாம்கிறியா, விக்க வேண்டாம்கிறியா, உனக்குக் குடுன்னு கேக்குறியா? ஒண்ணு சொல்லும்மா."

"விக்கவும் கூடாது. எனக்கு வேணும். ரெண்டும்தான்."

"இது என்ன நியாயம்?"

"எனக்கும்தான் தெரியல. நீ சொல்லேன்."

அவர்கள் இருவரும் அலமாரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு ஒருவரையொருவர் முறைத்தார்கள். கடைசியில் ராஸ்தான் உள்ளே வரச் சொன்னார். தேநீர் கொடுத்தார், சர்க்கரையைக் கேட்காமலே மூன்று கரண்டி போட்டு. தட்டைக் காட்டவில்லை. விஷயம் இதுதான்: சிட்னியில் இப்படிப்பட்ட பொருள்களைச் சேர்க்கும் ஒருவர் இருக்கிறார். தட்டு சந்தையிலிருந்து மறைந்த அன்றே ராஸின் எண்ணைப் பிடித்து, நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை வருகிறார். சந்தையிலிருந்து நீக்கியதால் அதற்கு இன்னும் கிராக்கி கூடிவிட்டதாம்.

"கேட்டியா புள்ள?" என்றார் அத்தை என்னிடம். "நம்ம முப்பத்தொண்ணு பேரும் சேந்து வெலய ஏத்தி விட்டுருக்கோம்."

ராஸ் ஒரு நிபந்தனை சொன்னார். சனிக்கிழமைக்குள் அவருடைய கணக்கைச் சந்தை திருப்பித் தந்தால் தட்டு அத்தைக்கு. இல்லாவிட்டால் சிட்னிக்காரருக்கு. கெடுத்தவள்தானே சரி செய்ய வேண்டும் என்றார். அதில் மறுக்க ஒன்றுமில்லை. அத்தைகூட மறுக்கவில்லை.

ராஸின் பலகைக் கணினியில் நான் தட்டச்சு செய்தேன். முறையீட்டுப் படிவத்தில் 'பொருளைச் சுருக்கமாக விவரிக்கவும்' என்று ஒரு கட்டம். 'பீங்கான் தட்டு, விலங்கு அல்ல. தவறாகப் புகார் செய்யப்பட்டது' என்று எழுதி அனுப்பினோம். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது. 'சம்பந்தப்பட்ட விலங்கின் உரிமச் சான்றிதழையும் தடுப்பூசி விவரத்தையும் இணைக்கவும்.'

"தட்டுக்குத் தடுப்பூசி!" என்று ராஸ் மேசையைத் தட்டினார். தேநீர் சிந்தியது.

மறுபடி எழுதினோம். தட்டு. பீங்கான். உயிரில்லாதது. வியாழக்கிழமை காலையில் ராஸ் போன் செய்து பதிலை வாசித்தார். 'உயிரில்லாத விலங்குகளை விற்பதும் விதிகளுக்கு முரணானது.' அத்தை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். உரித்த கிழங்கைத் தோல் வாளியிலும் தோலைப் பாத்திரத்திலும் போட்டார். சந்தையில் பேசுவதற்குத் தொலைபேசி எண் உண்டா என்று நான் தேடினேன். இருந்தது. அழைத்தால், உதவிக்கு இணையப் பக்கத்தைப் பார்க்கவும் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுத் துண்டித்தது. டாரில் தன் பங்குக்கு முப்பத்தொரு பேரையும் 'புகாரைத் திரும்பப் பெறுகிறோம்' என்று எழுதச் சொன்னார். ஒரே வாசகத்தைப் பலர் அனுப்புவது சந்தேகத்துக்குரியது என்று அதில் பதினான்கு பேருடைய கணக்கையும் முடக்கிவிட்டார்கள்.

"அக்கா, நான் நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"நீ நல்லது பண்ணாம இருடா. அதுவே போதும்."

அன்று மாலை மூன்றாவது முறையீடு. ராஸ் தன் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்ததால் சமையலறையிலிருந்தே எழுதினேன். தட்டு என்று தொடங்கியதும் அத்தை என் கையைப் பிடித்தார்.

"எத்தன தடவ தட்டுன்னு எழுதுவ? அவங்களுக்குத் தட்டுன்னா புரியல. அதுல இருக்கறது விலங்கு இல்ல, எங்கம்மான்னு எழுது. பேரு ஐவின்னு எழுது. இன்னும் உசுரோட இருக்காங்கன்னு எழுது."

"அத்தை, அது இயந்திரம். அதுக்கு..."

"எழுது புள்ள."

எழுதினேன். 'இது விலங்கு அல்ல. இது என் அம்மா. பெயர் ஐவி. உயிரோடு இருக்கிறார்.' வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ராஸ் கூப்பிட்டார். அத்தை கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்தார், கையெல்லாம் மாவு. ராஸின் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

"பதில் வந்திருக்கு. வாசிக்கவா?"

"வாசி."

"'உங்கள் விளக்கத்துக்கு நன்றி. பரிசீலித்தோம். மனிதர்களை விற்பனைக்கு வைப்பது எங்கள் சமூக விதிகளுக்கு முற்றிலும் முரணானது. உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது.'"

முதலில் ராஸின் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. அத்தையும் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது, கண் துடைத்ததில் முகமெல்லாம் மாவாகியிருந்தது.

"நான் எழுபது வருஷமா ஒரு பன்னியக்கூட ஏமாத்தி வித்ததில்ல" என்றார் ராஸ். "இப்ப நாய்க்குட்டி வித்தேன், ஆள் வித்தேன். இவனுங்களோட என்னால மாரடிக்க முடியாது. வந்து எடுத்துட்டுப் போ."

"சிட்னிக்காரன்?"

"அவன் காலைல போன் பண்ணான். இந்த அம்மா கதையச் சொன்னேன். அப்ப தட்டோட மதிப்பு இன்னும் கூடும், அந்தக் கதைய எழுதி வாங்கிக் குடுங்கன்னு சொல்றான். போடான்னுட்டேன். ஆனா ஒண்ணு. வண்டியும் அலமாரியும் உன் கணக்குலதான் விக்கணும்."

"விக்கிறேன்."

"புல்லு மேயுற வண்டின்னு எழுதிடாத."

அன்று நான்கு மணிக்கு நம்முர்காவில், பட்டியலில் போட்டிருந்த அதே விலைக்கு அத்தை தட்டை வாங்கினார். ராஸ் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, வாழைப்பழப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். வண்டியை நான்கு பக்கமிருந்தும் படமெடுத்துக்கொண்டோம்.

அத்தை வீட்டில் ஐவி சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, பாகு ஊற்றிய ஜானி கேக் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை பெட்டியை மேசையில் வைத்தார். பிறகு பிரிக்காமல் நின்றார்.

"என்ன நோலீன், பூனைக்குட்டியா?"

"இல்லம்மா. ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

முழுவதையும் சொன்னார். குழு, முப்பத்தொரு பேர், விலங்கு விற்பனை, எல்லாம். தன் கையால் அமுக்கியதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. ஐவி ஜானி கேக்கை மென்று முடித்தார்.

"நாய்க்குட்டி இருக்குல்ல. அதுக்குத்தான் புடிச்சிருப்பாங்க" என்றார். "குடு."

செய்தித்தாளைத் தானே பிரித்தார். தட்டை வலது கண்ணின் ஓரத்துக்குக் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, நடுப்பகுதி மங்கலாகிவிட்டவர்கள் பார்ப்பது போலப் பக்கவாட்டில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். விரலால் புருவத்தைத் தடவினார், தட்டில் ஒருமுறை, தன் முகத்தில் ஒருமுறை.

"நான் அன்னைக்குப் புதுச் சொக்கா போட்டிருந்தேன்," என்றார். "நீலம். எங்கம்மா தச்சது, காலர் வச்சு. இந்த ஆளு வந்து அதக் கழட்டச் சொல்லிட்டான். அவன் வண்டியிலேருந்து இந்தத் தோல எடுத்துச் சுத்துனான். நாத்தம் அடிச்சுது. அதான் மூஞ்சி இப்படி இருக்கு. வேறொண்ணுமில்ல. நாத்தம்."

அத்தை நாற்காலியை இழுத்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "இத நீ சொன்னதே இல்லையேம்மா."

"நீங்க எங்க நம்புனீங்க? தட்டயே நம்பல, சொக்காயச் சொன்னா நம்புவீங்களா?" ஐவி தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினார். "இது போல எத்தன அடிச்சிருப்பாங்க?"

"தெரியலம்மா. பெட்டி பெட்டியா அடிச்சிருப்பாங்க."

"மத்ததெல்லாம்?"

"யார் வீட்லயோ சுவத்துல இருக்கும். அவங்க செத்தா சந்தைக்கு வரும். தடை பண்ணா வராது, உள்ளயே இருக்கும். பண்ணலேன்னா இன்னொருத்தன் சுவத்துக்குப் போகும். எனக்கு ஒண்ணும் புரியலம்மா. மண்ட காயுது."

"அத அப்புறம் பாத்துக்க" என்றார் ஐவி. "கீழ என்னமோ எழுதியிருக்கே. அன்னைக்குக் கடையில என்னைப் படிக்க விடல. என்ன எழுதியிருக்கு?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"காட்டுக் குட்டின்னு" என்றார் அத்தை.

ஐவி தட்டை மகளிடம் நீட்டினார். "அத எடு."

பொன் பூசிய பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்க்கக் கூடாது, பூச்சு போய்விடும் என்று இல்லத்தில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அத்தை சொல்வார். இப்போது கழுவுதொட்டியில் வெந்நீர் விட்டு, கம்பி நாரையும் பாத்திரப் பொடியையும் எடுத்தார். குழந்தையின் முகத்தின் மேல் ஈரத் துணியை மடித்து வைத்து இடது கையால் அழுத்திக்கொண்டு, விளிம்போரம் மட்டும் தேய்த்தார். பொன் சீக்கிரம் வந்தது. நாரில் மினுமினுத்தது, தண்ணீரில் ஓடியது. ஆனால் பொன்னுக்கு அடியில் அதே எழுத்து பழுப்புக் கோடாகப் பீங்கானில் இறங்கியிருந்தது.

அத்தை கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஐவி கண்ணோரத்தில் வைத்துப் பார்த்தார்.

"எனக்கு எழுத்து தெரியல. உனக்குத் தெரியுதா?"

அத்தை விளிம்பில் விரலை ஓட்டினார்.

"தெரியுதும்மா."

"அப்ப இன்னும் தேய்."